மூரியலுக்கு அறுபது: சுரிநாமில் ஒன்பது நாட்கள்

சுரிநாமுக்குப் போகிறேன் என்று சொன்னதும் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் உள்ள மரக்கறிக் கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தி, "அது எந்தப் பக்கத்துக் கோயில் அக்கா?" என்று கேட்டார்.

கோயில் இல்லை, நாடு என்றேன். தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில், பிரேசிலின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன நாடு. பெரும்பகுதி காடு. சனங்கள் எல்லோரும் கடலோரத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். பேசுவது டச்சு.

"அந்தக் காட்டுக்குள்ளை ஆர் டச்சு கதைக்கிறது?"

"நான் போய்க் கதைப்பன்" என்றேன். அவர் பாவற்காயை நிறுத்துத் தந்துவிட்டு, எனக்கு நேர்த்திக்கடன் ஏதோ இருக்கிறது என்ற முடிவோடு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

என் டச்சு மொழிக்கு ஒரு கதை உண்டு. லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், இருந்தேன். பூங்கொத்துக் கட்டும் தொழிற்சாலையில் வேலை. ஓடும் பட்டியில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் மூரியல். சுரிநாமின் தலைநகர் பரமாரிபோவில் பிறந்து, இளவயதில் ஒல்லாந்துக்கு வந்த கறுப்பினப் பெண். எனக்கு அப்போது டச்சில் ஒரு சொல்லும் தெரியாது. அவளுக்கு வாய் ஓயாது. எட்டு மணி நேரம் ரோசாவும் டியூலிப்பும் போகப் போக, அவள் தன் மாமியார், தன் முழங்கால், தன் ஊர் மழை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இரண்டு வருடத்தில் எனக்கு டச்சு வந்துவிட்டது. வந்தது அவளுடைய டச்சு. நகரசபை அலுவலகத்தில் நான் வாயைத் திறந்தால் வெள்ளைக்காரர் சிரிப்பார்கள்: "நீங்கள் சுரிநாம்காரி மாதிரியல்லவா பேசுகிறீர்கள்!"

பிறகு, எங்களைப் போன்ற பல குடும்பங்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி, அதன் தெற்கே மிச்சம் என்ற பகுதியில் வீடு எடுத்தோம். அதன் பின் என் டச்சுக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியது. பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாத விஷயங்களை நானும் என் கணவர் சிவாவும் டச்சில் பேசிக்கொள்வோம். யாருடைய வீட்டுச் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்பது போன்ற இரகசியங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லாந்தை விட்டு வந்தபோது மூரியலிடம் நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று வேலைக்குப் போன் பண்ணினேன். சனிக்கிழமை ஒரு வான் பிடித்துச் சாமான் ஏற்றினோம். அவளிடம் சொன்னால் அழுவாள், அவள் அழுதால் நான் போகமாட்டேன் என்று பயம். லண்டனுக்கு வந்ததும் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு எழுத வெட்கமாக இருந்தது. வெட்கம் வருடக் கணக்கில் தடித்துவிட்டது.

இந்த வருடம் பழைய வேலைத்தோழி ஒருத்தியிடம் என் நம்பரை வாங்கி மூரியலே ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அவள் ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டாளாம். "தயா, எனக்கு அறுபது வருது. நீ வாறியோ, இல்லையோ?" அவ்வளவுதான். மூரியல் பேசியது டச்சு. ஆனால் என் காதுக்குள் அது எப்போதும் எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் விழும். ஆகவே அவளுடைய டச்சையும் அவள் ஊராரின் டச்சையும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

சிவா லண்டனில் பஸ் ஓட்டுகிறார். "உமக்கு விசரோ? பிறந்தநாள் கேக் சாப்பிட அத்திலாந்திக்கைத் தாண்டுறதோ?" என்று கேட்டார். பிறகு கணினியில் அந்த ஊர்த் தெருப் படங்களைப் பார்த்தார். "இஞ்சை பாரும், அங்கையும் இடப்பக்கம்தான் ஓடுறாங்கள்!" அந்த நிமிடமே அவர் மனதில் சுரிநாம் நாகரிகமுள்ள நாடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இறங்கினோம். விமானக் கதவு திறந்ததும் வெக்கை வந்து முகத்தில் ஈரத்துணி போலப் போர்த்தியது. குடிவரவு மேசையில் ஒரு பெண். நான் டச்சில் வணக்கம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பேச்சைக் கேட்டாள், பாஸ்போர்ட்டைத் திறக்கவே இல்லை.

"நிக்கேரியோ?"

நிக்கேரி அந்த நாட்டின் மேற்கு ஓரம், நெல் விளையும் மாவட்டம். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கென்று வட இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். "இல்லை, நான் இந்த நாடே இல்லை" என்றேன். அவள் நல்ல பகிடி கேட்டவள் போலச் சிரித்தாள். "எத்தினை வருசமா வெளியிலை இருக்கிறியள்? கதை கொஞ்சமும் மாறேல்லை!" அடுத்தது சிவா. அவரிடம் ஆங்கிலத்துக்கு மாறி, மிகவும் மரியாதையாக, எங்கள் நாட்டுக்கு முதல் முறையாக வருகிறீர்களா ஐயா என்று கேட்டாள்.

இருபது வருடத்துக்கு மேலாக எல்லா ஊரிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எந்த ஊர்? ஒல்லாந்தில் கேட்டார்கள், லண்டனில் கேட்கிறார்கள், கொழும்பிலும் கேட்டார்கள். நான் அந்த ஊர் இல்லை என்று சொல்லியும் ஒருத்தி நம்ப மறுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. பெட்டி வரும் பட்டிக்குப் பக்கத்தில் நின்று தெரியாத இரண்டு பேரிடம் நேரம் கேட்டேன். டச்சில் கேட்பதற்காக மட்டும்.

கூட்டிப்போக வந்தவர் எட்கார், மூரியலின் தம்பி. சொந்த டாக்சி வைத்திருக்கிறார். மூரியல் வரவில்லை. "அக்கா புதன்கிழமை பிறந்தநாளுக்கு வரச் சொன்னவ. அதுக்கு முதல் வீட்டுப் பக்கம் வரவேண்டாமாம்" என்றார். வீட்டில் வேலையா, சுகமில்லையா என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வானொலிச் சத்தத்தைக் கூட்டினார். அப்போதுதான் யோசித்தேன். அந்தக் குரல் செய்திக்குப் பிறகு வீடியோவில் கூப்பிட்ட போதெல்லாம் மூரியல் படத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசினாள்; நான் சொல்லாமல் போன கதையை இருவரும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவே விருப்பமில்லையோ?

சனிக்கிழமை ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனோம். பயித்தங்காய் கட்டுக் கட்டாக, பாவற்காய், மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பொத்தி. மஞ்சள் நிறத்தில் குட்டை மிளகாய் ஒன்று இருந்தது. சிவா வீரம் காட்டி அதில் ஒரு நுனி கடித்தார். அடுத்த கால் மணி நேரம் அவர் எந்த மொழியிலும் பேசவில்லை. கிழங்கு விற்ற பெண், "ரீச்சர், இந்த ஐயாவை எங்கையிருந்து பிடிச்சியள்?" என்று என்னைக் கேட்டாள். நான் மிச்சத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடிப்பவள். ஆனாலும் மறுக்கவில்லை.

திடீரென்று மழை. அதை அவர்கள் காட்டைக் கூட்டும் மழை என்பார்களாம். பெயர் சரிதான். தூரத்து மரங்களிலிருந்து ஒரு பெரிய விளக்குமாறு இழுபடுவது போலச் சத்தம் வந்தது, வந்து எங்களையும் சேர்த்துக் கூட்டியது. ஒதுங்கிய இடத்தில் மூன்று பெண்கள் பொரித்த வாழைப்பழத்தை நிலக்கடலைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே எங்களுக்கும் நீட்டினார்கள். மழை விட்டதும் நகரத்தைச் சுற்றினோம். வெள்ளைப் பலகை வீடுகள், மரத்தால் கட்டிய பெரிய தேவாலயம், பள்ளிவாசலும் யூதர் ஆலயமும் அடுத்தடுத்த வளவில். சிவா கட்டடங்களை விட்டுவிட்டு வீதிச் சந்திகளைப் படம் எடுத்தார்.

ஞாயிறு காலை எட்கார் எங்களை மைதானம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நாற்பது ஐம்பது ஆண்கள், ஆளுக்கொரு பறவைக் கூண்டு. கூண்டுகளை எதிரெதிரே கம்பத்தில் மாட்டிவிட்டு, எந்தக் குருவி அதிக தடவை பாடுகிறது என்று கரும்பலகையில் கோடு போடுகிறார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. சிவாவுக்குத் தும்மல் வந்தது. அடக்கினார், அடக்கினார், அடக்க ஏலாமல் போய்விட்டது. பாடிக்கொண்டிருந்த ஒரு குருவி நிறுத்திவிட்டது. அதன் உரிமையாளர் சிவாவைப் பார்த்த பார்வையில் நாங்கள் காலைச் சாப்பாட்டை வேறு எங்காவது தேடிக்கொள்வது நல்லது என்று விளங்கியது.

டாக்சியில் எட்கார் நாட்டு நடப்புச் சொல்வார். அலுமினியக் கல் தோண்டிய கம்பனி போய்விட்டதாம். காட்டுக்குள் தங்கம் தோண்டுகிறார்களாம், ஆறு அழுக்காகிறதாம். சாமான் விலை ஏறுவதால் ஒல்லாந்திலுள்ள உறவுக்காரர் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்களாம். இப்போது கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதாம். அந்த எண்ணெய்தான் அவருடைய எல்லாக் கேள்விக்கும் விடை. வீதியில் குழியா? "எண்ணெய் வரட்டும்." டாக்சிக் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லையா? "அதுக்கும் எண்ணெய்தான் வரவேணும்." லண்டனில் எங்கள் கவுன்சிலிடம் இப்படி ஒரு எண்ணெய்யும் இல்லை என்று சிவா ஆறுதல் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் ஒரு யாவாக்காரர் கடையில் சாப்பிட்டோம். இந்தோனேசியாவின் யாவாத் தீவிலிருந்து வந்தவர்களின் கோழிச் சூப். உள்ளே அவித்த முட்டை, மேலே மெல்லிய உருளைக்கிழங்குப் பொரியல். நான் இரண்டாவது கோப்பை கேட்டபோது எட்கார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அக்காவும் உங்களுக்கு ஒருக்கா சூப் கொண்டு வந்தவ. தெரியுமோ?"

தெரியாது.

"உங்களுக்குக் காய்ச்சலெண்டு வேலையிலை சொன்னாங்களாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையிலை சூப் காய்ச்சி, பஸ்ஸிலை மடியிலை வைச்சுக்கொண்டு உங்கடை வீட்டுக்கு வந்தவ. மணியடிச்சும் ஆரும் வரேல்லை. யன்னலாலை பாத்திருக்கிறா. உள்ளை ஒண்டுமில்லை. திரைச்சீலையும் இல்லை."

என் கோப்பை அப்படியே இருந்தது. சிவா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். நான் எழும்பினேன். "என்னை இப்ப மூரியலிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"புதனுக்கு முதல் கூட்டி வந்தால் என்னை உயிரோடை விடமாட்டன் எண்டிருக்கிறா" என்றார் எட்கார். "நானும் அவவின்ரை ஊரிலைதான் சீவிக்க வேணும். சந்தியிலை பஸ் இருக்கு."

பஸ் என்பது சின்ன வான். வெளியே இந்தி நடிகைகளின் படங்கள், பச்சையும் ஊதாவும் பூசிய பூக்கள். நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தது. கிளம்பியது என்று சொல்வதைவிடப் பாய்ந்தது என்று சொல்லலாம். சிவா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வழக்கப்படி, மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி என்னிடம் டச்சில் சொன்னார்: "இவனுக்கு லைசென்ஸ் குடுத்தவனைப் பிடிச்சு உள்ளை போட வேணும்."

 வானுக்குள் இருந்த பதினைந்து பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். பின்னால் ஒரு கிழவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிவாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. "என்னவாம்?" என்று மறுபடியும் டச்சிலேயே கேட்டார். நான் சேலைத் தலைப்பு இருந்தால் முகத்தை மூடியிருப்பேன், போட்டிருந்தது காற்சட்டை.

சாரதி கண்ணாடியில் பார்த்தான். "லைசென்ஸ் தந்தது என்ரை மாமா, ஐயா. நீங்கள் என்ன வேலை?"

"பஸ் றைவர். லண்டனிலை."

"அப்ப முன்னுக்கு வாங்கோ!"

ஆட்களை இடம் மாற்றி சிவாவை முன் இருக்கையில் இருத்தினார்கள். இரண்டு சாரதிகளும் கியர் பற்றியும் சம்பளம் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையைத் தட்டினாள். "நீங்கள் எங்கை போறியள்? முகமேன் இப்பிடிக் கிடக்கு?"

நான் சொல்லிவிட்டேன். பூ, பட்டி, காய்ச்சல் பொய், சூப், வெறும் யன்னல் எல்லாவற்றையும். லண்டன் பஸ்ஸில் பக்கத்திலிருப்பவருக்கு வணக்கம் சொன்னாலே அவர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடுவார். இங்கே முழு வானும் என் வழக்கை விசாரித்தது. "வெறுங்கையோடை போகக்கூடாது" என்றாள் ஒருத்தி. "முதல் வசனமே மன்னிப்பாயிருக்க வேணும்" என்றார் தொடையில் அடித்த கிழவர். "இல்லை, முதல் அழ வேணும்" என்றாள் வேறொருத்தி. ஒரு மாணவி மட்டும், "அந்தச் சூப்பை அவ பிறகு என்ன செய்தவ?" என்று கேட்டாள். எட்கார் எழுதித் தந்த விலாசத்தைக் காட்டினேன்; வான் மூரியலின் தெருவுக்குப் போகாது. சாரதி யாரையும் கேட்காமல் திருப்பினான். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

நீல வாசற்கதவு. சாரதி ஹோர்ன் அடித்தான், நிறுத்தாமல் அடித்தான். யாரோ என் கையில் ஒரு அன்னாசியைத் திணித்தார்கள். இறங்கினேன். கதவு திறந்தது. தலையில் முடி சுருட்டும் சுருட்டிகள், கையில் வர்ணத் தூரிகை, ஒரு பழைய சட்டை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மூரியல்.

அவள் என்னைப் பார்த்ததும் செய்த முதல் வேலை, இடது கையால் வாயைப் பொத்தியது.

"புதன்கிழமை எண்டெல்லோ சொன்னனான்!" என்று விரல்களுக்கிடையால் கத்தினாள்.

"மூரியல், மன்னிச்சுக்கொள். சூப்… எட்கார் சொன்னவர்… நான்…" மேலே டச்சு வரவில்லை. தமிழும் வரவில்லை. அன்னாசியை நீட்டிக்கொண்டு நின்றேன். வானுக்குள்ளிருந்து, "அழுங்கோ! அழுங்கோ!" என்று குரல் வந்தது.

மூரியல் கையை எடுத்தாள். முன்வரிசையில் மேலே நாலு பல் இல்லை.

"புதுப் பல் நாளைக்குத்தான் வரும்" என்றாள். "உனக்கு முன்னாலை பொக்கை வாயோடை நிக்கக்கூடாதெண்டு ஆறு மாசமா வீடியோவை மூடி வைச்சிருக்கிறன். நீ பஸ் நிறைய ஆக்களோடை வந்து நிக்கிறாய்!"

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோமா அழுதோமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் முதுகில் நீல வர்ணம் ஒட்டியது. வான் கைதட்டிவிட்டுப் போனது. சிவாவும் இறங்க மறந்து கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி நடந்து வந்தார்.

உள்ளே அன்னாசி வெட்டிக்கொண்டே மூரியல் சொன்னாள்: "கோவம் ஒரு கிழமைதான். அந்தச் சூப்பை உன்ரை வாசற்படியிலை இருந்து நானே குடிச்சனான். உப்புக் கொஞ்சம் கூட. பிறகு யோசிச்சன், பிள்ளையளுக்காகத்தான் போயிருப்பாயெண்டு. ஆனா உனக்குப் பதிலா என் பக்கத்திலை ஒருத்தியை விட்டாங்கள், நாலு மாசம் வாயே திறக்கேல்லை. அதுக்குத்தான் உன்னை மன்னிக்க ஏலாது."

"நான் ஏன் சொல்லேல்லையெண்டால்…"

"தெரியும். சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டன்." அவள் ஒரு துண்டை என் வாயில் வைத்தாள். "அவ்வளவுதான். இனி இந்தச் சுவரைப் பூச உதவி செய்."

செவ்வாய்க்கிழமை பல் வந்தது. புதன்கிழமை விடியற்காலையில் வாசலில் பித்தளை வாத்தியம் முழங்கியது. அங்கே ஐந்தில் முடியும் வயதுகளும் பூச்சியத்தில் முடியும் வயதுகளும் பெரிய பிறந்தநாள்கள். எக்காளமும் மத்தளமும் வந்து ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவரும். மூரியல் மடிப்பு மடிப்பாக விரியும் பெரிய பாவாடையோடு, ஒரு சிறு வீடு நடந்து வருவது போல வந்தாள். எனக்கும் ஒன்று உடுத்திவிட்டாள். தலையில் கஞ்சி போட்ட துணியை மடித்துக் கட்டினாள். கட்டும் விதத்துக்கு ஒவ்வொரு அர்த்தம் உண்டாம். எனக்குக் கட்டியது, கதைக்கிறவர்கள் கதைக்கட்டும் என்று சொல்கிறதாம். முழுத் தெருவும் ஊர்வலமாக நடந்தோம். கிழங்குத் துருவலும் கோழியும் சேர்த்துச் சுட்ட பெரிய தட்டுகள், றொட்டி, மீன், கேக். அயலவர்கள் என்னிடம் நிக்கேரியில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். நான் ஒரு தெருவின் பெயர் சொன்னேன். மூரியல் இடித்தாள். சிவா எக்காளக்காரரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆடினார். அவர் ஆடி நான் பார்த்தது எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

வியாழனும் வெள்ளியும் ஆற்றில் படகு, கரையில் தூக்கம். கலங்கிய தண்ணீரிலிருந்து இளஞ்சிவப்பு வயிற்றோடு டொல்பின்கள் எழும்பின. நாங்கள் இரண்டு பேரும் பேச்சில் அவற்றைத் தவறவிட்டோம். சிவா பார்த்துச் சொன்னார்.

சனிக்கிழமை விமான நிலையம். மூரியல் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று வந்தாள். வாசலில் கட்டிப்பிடித்து அழுதோம். பன்னிரண்டு வருட அழுகை, குறைக்கவில்லை. உள்ளே நாலடி வைத்திருப்போம், விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். திரும்பி வந்தோம். மூவரும் சீமெந்துத் திண்ணையில் உட்கார்ந்து பொரித்த மரவள்ளி சாப்பிட்டோம். மறுபடி நேரமாயிற்று, மறுபடி அழுதோம். பாதுகாப்பு வரிசையில் இயந்திரம் பழுது என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

"எத்தினை தரம்தான் அழப்போறியள்?" என்று கேட்டார் சிவா. "கண் துடைக்கக் குடுக்க எனக்குக் கைலேஞ்சி முடிஞ்சுது."

மூன்றாவது முறை எங்களுக்குக் கண்ணீர் இருக்கவில்லை. மூரியல் என் கொலரைச் சரிப்படுத்திவிட்டு, "உங்கடை மிச்சத்திலை எனக்குப் படுக்க ஒரு கட்டில் இருக்குமோ?" என்று கேட்டாள்.

"ஓம். மகள்ரை அறை சும்மாதான் கிடக்கு. எப்ப வாறாய்? சொல்லு, எயார்போட்டுக்கு வருவம்."

"சொல்லமாட்டன்" என்றாள் மூரியல். "நீ சொல்லாமல் போனனி. நான் சொல்லாமல் வருவன்."

வரிசை நகர்ந்தது. நான் சிரித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து, முன்னால் நின்றவரின் காலை மிதித்தேன். டச்சில் மன்னிப்புக் கேட்டேன்.